மூலைக்கு அடுத்த கல்

லத்தேரியில் ஏழே முக்கால் பேருந்து.
டிபன் டப்பாவும் ரசமட்டமும் ஒரே பையில்.
இலவச டிக்கெட்டைக் கிழித்தபடி
"இன்னாக்கா, வேலைக்கா?" என்கிறார் கண்டக்டர்.
"காட்பாடி ஐடிஐக்கு."
"பையனப் பாக்கவா?"

முப்பத்தாறு வயது. மேசன் பிரிவு.
வருகைப் பதிவேட்டில் அகரவரிசைப்படி
முதல் பெயர் அமுலு.
கூலி வாங்கும் வரிசையில்
கடைசியில் நின்றே பழக்கம் எனக்கு.

பதினோரு வருஷம் சித்தாள்.
சாரத்துக்குக் கீழே நின்று
மேலே பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்ளும்.
கல் என்றால் கல், கலவை என்றால் கலவை.
சாயங்காலம் கரணையைக் கழுவித் தந்திருக்கிறேன்,
பிடித்ததில்லை.

நீட்டுக்கல் ஒரு வரி, குறுக்குக்கல் ஒரு வரி,
இங்கிலீஷ் பாண்ட் என்று சார் போர்டில் வரைந்தார்.
மூலைக்கு அடுத்து
நீளவாக்கில் பிளந்த கல்லொன்று.
எத்தனை ஆயிரம் எடுத்துக் கொடுத்திருப்பேன்,
"அந்த ஒடசல எட்றீ" என்பார் மேஸ்திரி.
புத்தகத்தில் அதன் பெயர் குயின் குளோசர்.
"குயின்னா?"
"ராணிக்கா" என்றான் பேரணாம்பட்டு இம்தியாஸ்,
கணக்கில் பெயில், இங்கிலீஷில் மட்டும் பாஸ்.

பதினொன்றரைக்கு எழுப்பும் சுவரை
மூன்றரைக்கு இடித்துவிட வேண்டும்.
சிமெண்ட் கிடையாது, செம்மண் கலவை;
நாளைக்கும் இதே கல்தான்.
பசங்களுக்கு இடிப்பது கொண்டாட்டம்.
நான் ஒரு தரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன்.
சித்திரை வெயிலில் நூல் அசையாது.
அப்புறம் மேல் வரியிலிருந்து
ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குவேன்.
சுமந்தவளுக்கு
எறிய வராது.

படிப்பு முடிந்ததும் என்ன வேலை என்று
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
இம்தியாஸ் மஸ்கட்.
ஜெயவேலு ரயில்வே அப்ரண்டிஸ்.
ஒருத்தன் கான்ட்ராக்டர் என்று எழுதி,
சிரித்து, அடித்து,
மறுபடி அதையே எழுதினான்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.
சித்தாளுக்கு அறுநூறு, கொத்தனாருக்கு ஆயிரத்து நூறு.
நடுவில் ஐந்நூறு ரூபாய்,
ஒரு கரணை.

கொத்தனாருக்குப் பெண்பால் என்ன சார் என்று கேட்டேன்.
பேனாவைக் காதில் செருகி யோசித்தார்.
"அதுவேதாம்மா. ஆர் விகுதி
ரெண்டு பேருக்கும் பொது."

ஞாயிற்றுக்கிழமை,
ஆறு வருஷமாய்ப் புடவை கட்டி மறைத்திருந்த
எங்கள் குளியலறைக்குச் சுவர் வைத்தேன்.
உண்மையான சிமெண்ட்.
மூன்றரை மணி வந்தது, போனது.
ஏழாம் வரியில் கல் தீர்ந்தது.
"கல்லு" என்று குரல் கொடுத்துவிட்டுக்
கீழே பார்த்தேன்.
யாரும் இல்லை.
இறங்கிப் போய்
நானே எடுத்துக்கொண்டு
ஏறினேன்.