குமிழி பார்த்தல்

கலேட்டா ஒலிவியாவுக்குத் தெற்கே
காற்று லாரியைச் சாய்க்கப் பார்க்கும் இடத்தில்
எர்சிலியா பைனெமலின் பஞ்சர் கடை.
என் பின்சக்கரம் கழற்றிக் கிடக்கிறது.
லாரி ஜாக்கி மேல்.
அவளோ கிரீஸ் துடைத்த விரலால்
மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பெசோவைச் சேர்ப்பது
ஓட்டை ட்யூபுக்குக் காற்றடிக்கிற வேலை" என்பாள்.
ஆறு வருஷ உழைப்பு பிட்காயினாகி
அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.
"பெட்டிக்குள் இருப்பது சாவி" என்று திருத்தினாள்,
என் முகத்தைப் பார்க்காமலே.

காலையில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது:
உங்கள் வாலட் பழைய பதிப்பு.
ஒரு மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் முடங்கும்.
கீழே நீலத்தில் ஒரு சுட்டி.

"அமுக்கித் தொலையேன்" என்றேன்.
விடிவதற்குள் நான் ரியோ கஜேகோஸ் சேர வேண்டும்.
பின்னால் பதினெட்டு டன் ஆப்பிள்.

"அவசரப்படுத்துகிறவன்
என் வாடிக்கையாளனாக இருக்கலாம்,
என் வாலட்டை எழுதியவனாக இருக்க மாட்டான்."

மின்னஞ்சலை அழித்தாள்.
ஆனால் பழசு என்பது நிஜமாம்.
பொய்யன் வெறுங்கையோடு வருவதில்லை,
பாதி உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான்.
போன மாதமே ஓட்டை தெரிந்துவிட்டது,
ஒட்டியாக வேண்டும்.
யார் கொடுக்கிற பசை என்பதுதான் கேள்வி.

சுவரில், டயர் அழுத்த அட்டவணைக்குக் கீழே
அவள் கையாலேயே பெயின்டில் எழுதிய முகவரி.
அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.
கோப்பு இறங்கியது.
எழுதியவர்களின் கையொப்பத்தைச் சோதித்தாள். சரி.
பிறகு பையன் ஃபெர்மினைக் கூப்பிட்டாள்.
அவன் ஒரு திரை, அவள் ஒரு திரை.
அறுபத்து நாலு எழுத்துகள்.

"நாலு, எஃப், ஒன்பது, ஒன்பது, ஏ..."
"ஏ இல்லை. இங்கே இரண்டு."

கடைக்குள் யாரும் பேசவில்லை.
தகரக் கூரை மட்டும் படபடத்தது.
காற்றில் இணைப்பு அறுந்து
கோப்பு பாதியில் நின்றிருக்கலாம்.
அல்லது வேறேதாவது.
அவள் காரணம் தேடவில்லை.
குப்பையில் தள்ளிவிட்டு மறுபடி இறக்கினாள்.

மறுபடி முதல் எழுத்திலிருந்து.
நடுவில் நான் மாத்தே நீட்டினேன், வாங்கவில்லை.
கடைசி எழுத்து "சி" என்றான் ஃபெர்மின்.
"சி" என்றாள் அவளும்,
ஜெபத்துக்கு ஆமென் சொல்வது போல.

"இப்போது இரண்டு பேரும் வெளியே போங்கள்."

இருபத்து நாலு சொற்கள்
எங்கோ ஓர் இரும்புத் தகட்டில் அடித்து வைத்திருக்கிறாளாம்.
புதுப்பிக்கும் முன் அது அழியாமல் இருக்கிறதா என்று
தனியாகப் பார்க்க வேண்டுமாம்.
"நிறுவின பிறகு அந்தச் சொற்களைக் கேட்டால்
அது வாலட் இல்லை" என்றாள், கதவைச் சாத்திக்கொண்டே,
"பிக்பாக்கெட்."

வெளியே கண்ணைத் திறக்க முடியாத புழுதி.
தூரத்தில் எண்ணெய்ப் பம்புகள்
பூம்பூம் மாடு போல
எதற்கென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தன.
ஃபெர்மின் சுவரோடு ஒட்டி நின்றான்.
என் போனிலும் ஒரு வாலட் உண்டு.
பதினோரு மாதமாக அது கேட்கிறது,
நானும் "பிறகு" என்கிறேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

கதவு திறந்தது.
"இருந்தது இருந்தபடி இருக்கிறது."
அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு என் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள்.
எனக்குத் தெரிந்த ஓட்டையை ஒட்டிய பின்னும்
திருப்பிக்கொண்டே இருந்தாள்.
வால்வுக்குப் பக்கத்தில்
கடுகளவு ஒரு குமிழி எழுந்தது.
என்னைப் பார்த்தாள். நான் ஆப்பிள்களைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.

இரவு, பியெத்ராபுவெனாவில் ஓரங்கட்டியபோது
போன் மறுபடி ஒளிர்ந்தது. புதுப்பிக்கவா?
கட்டைவிரல் தானாகப் போனது.
திருப்பி எடுத்துக்கொண்டேன்.
சரியான முகவரியை எப்போதோ, எங்கேயோ
எழுதி வைத்த ஞாபகம்.
டாஷ்போர்டு அறையில் தேடினேன்:
சுங்க ரசீதுகள், ஒரு திருகாணி,
மேலே ஃபெர்மின் எழுதிக் கொடுத்த பில்.
காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது,
திற, திற என்று.