வயர் எண் நாற்பத்தொன்று

ஆண்டுக்கு எண்பத்தாறாயிரம், வரி தனி,
என்றது சென்னையிலிருந்து பேசிய குரல்.
பேட்டைத் தொழிற்பேட்டையில் எனக்கு
இரண்டு ஷட்டர், ஒரு துளைபோடும் மெஷின்,
சனிக்கிழமை தோறும் மூன்று பேர் கூலி.
"யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி" என்றேன்.
யோசிக்க என்ன இருக்கிறது?
அந்தக் காசுக்குச் செம்புப் பட்டை வாங்கினால்
தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே
அதையே பென்டிரைவில் முந்நூறுக்குத் தருவதாக ஒருவன்.
"எல்லாருந்தான் போடுதாங்க, அக்கா."
போன வருஷம் நானும் போட்டேன்.
ஜிஎஸ்டி கணக்கு, கூலி நோட்டு,
மகள் பல் விழுந்து சிரித்த படம்,
எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு
டாலரில் பேரம் பேசியது திரை.

ஆகவே முப்பது நாள் இலவசம்.
அம்பை அரிசி ஆலைக்கு
இருபது குதிரைத்திறன், ஸ்டார்-டெல்டா.
பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.
தொட்டால் கன்டாக்டர் தன் காயிலோடு வந்து உட்கார்ந்தது.
கேட்காமலே எண் போட்டுக்கொண்டன வயர்கள்.
அச்செடுத்தால் மட்டும்
தாளின் குறுக்கே மூலைக்கு மூலை சாம்பல் நிறத்தில்
சோதனைப் பதிப்பு, சோதனைப் பதிப்பு.

அதில் ஒரு 'ப்'பின் புள்ளிக்கடியில் கிடந்தது
வயர் எண் நாற்பத்தொன்று.

ஐகோர்ட் துரை அதை நாற்பத்தேழு என்று படித்தான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை,
நானே பிறகு லென்ஸ் வைத்துத்தான் பார்த்தேன்.
ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் வாசல் மிதிக்கக் கூடாத
ஸ்டாரும் டெல்டாவும்
ஒரே மூச்சில் இழுத்தன.
பட்டென்று ஒரு நீல வெளிச்சம்.
பட்டறை இருண்டு,
பக்கத்து மாவுமில்லும் பாதிச் சத்தத்தில் நின்றது.
"இன்னைக்கு யாரு வீட்டு மிளகாயோ"
என்று ஒரு குரல் இருட்டில் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒரு கன்டாக்டர் இரண்டாயிரத்து நானூறு.

திருத்தலாம் என்று உட்கார்ந்தால்
முப்பத்தோராவது நாள்.
நான் இழுத்த கோடுகள் உள்ளே,
நான் வெளியே.

அன்றிரவு இறக்கியது காசு கேட்காதது.
யாரோ எங்கிருந்தோ
வேலை முடிந்த ராத்திரிகளில் எழுதி
ஊருக்கு விட்டது.
மெனுவில் பாதி எந்த மொழி என்றே தெரியவில்லை.
மில்லுக்கு நாங்கள் வைக்கிற சிங்கிள்பேசிங் ரிலேக்கு
அதில் சின்னமே இல்லை.
நானே ஒரு கட்டம் போட்டு, மூன்று கால் வைத்து,
உள்ளே ஒரு கோடு கீறி
'அம்பை' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
எண்களைக் கையால்தான் போட வேண்டும்,
ஒன்று முதல் அறுபத்துநான்கு வரை.
நான்கு ராத்திரி. மூன்று தடவை தானாக மூடிக்கொண்டது.
நாற்பத்தொன்றை மட்டும்
மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக வைத்தேன்.

கங்கைகொண்டானிலிருந்து
எண்பது தாள் வேலை ஒன்று வந்தால்
அந்தச் சென்னைக் குரலை நானே கூப்பிடலாம்.
அதைப் பிறகு பார்ப்போம்.

ஐகோர்ட் துரை புதுத் தாளைப் பார்த்தான்.
நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
பின்பக்கம் டீக்கணக்கு எழுதினான்.
பிறகு "நாப்பத்தொண்ணு" என்று
வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி சத்தமாகச் சொல்லி
வயரை மாட்டினான்.

அம்பையில் மோட்டார்
ஆறு விநாடி முனகி,
டக்கென்று டெல்டாவுக்குத் தாவியது.
பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிய வரைபடத்தில்
இப்போதே தவிடு படிந்திருக்கும்.
அதன் வலது மூலையில்
வரைந்தவர்: செய்யதலி பாத்திமா.

தமிழ் எழுத்து அந்த மென்பொருளுக்கு இன்னும் பழகவில்லை.
'செ'யின் கொம்பு
எழுத்தைவிட்டு ஒரு முழம் தள்ளி
தனியாக நிற்கிறது.