ஆறு

காட்பாடியில் மே மாதம்.
ஆய்வகத்து ஏ.சி. காலையிலேயே கையை விரித்துவிட்டது.
நாற்பத்திரண்டு டிகிரியில் வேர்த்துக்கொண்டு
நானூறு டிகிரி தாங்கும் ஒன்றை
நானும் ரிஸ்வானாவும் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து வந்த பிசின்.
தேன் நிறம். நாற்றம் மட்டும் தேன் இல்லை.
கண்ணாடியிழைத் துணியில் தடவித் தடவி
பன்னிரண்டு அடுக்கு.
"தம் போடுற மாதிரி" என்பாள்,
ஆம்பூர் பிரியாணியைக் கடைசிவரை
ஒப்புக்கொள்ளாத வாணியம்பாடிக்காரி.

நூற்றைம்பதில் இரண்டு மணி நேரம்.
நூற்றெண்பதில் இரண்டு.
பிறகு இருநூற்றிருபது, இருநூற்றைம்பது.
அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய கரைப்பான்
குமிழாகிவிடும்.
குமிழைப் பார்த்தால் எபனேசர் சார் திட்டமாட்டார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
திட்டியிருக்கலாம்.

எட்டு மில்லிகிராம் துணுக்கை
தராசும் உலையும் ஒன்றான பெட்டிக்குள் வைத்தோம்.
திரையில் ஒரு கோடு
வெகுநேரம் மட்டமாகப் போனது.
நூற்றில் ஐந்து பங்கு எடை குறையும் இடத்தைத்தான்
தாங்குதிறன் என்று எழுதுவது.
என் மூன்று வருட உதவித்தொகைக்கு
இந்தக் கோட்டை நான் போட்டுப் பார்த்ததில்லை.

நானூற்றுப் பதினேழு!
ரிஸ்வானா போட்ட கூச்சலில்
தீப்பிடித்துவிட்டதென்று
வாளியோடு ஓடிவந்தார் காவலாளி.

அடுத்தது பெரிய தகடு,
ராணிப்பேட்டையில் கொதிகலன் பாகம் செய்பவர் கேட்டது.
எல்லாச் சூட்டையும் தாங்கிவிட்டது.
ஆறு மணி ரயிலுக்கு நேரமாகிறதென்று
உலைக்கதவைத் திறந்தாள்.

டக்.

காய்ந்த புளியம்பழ ஓடு உடைகிற சத்தம்.
நடு அடுக்கில் வாய் பிளந்திருந்தது தகடு.
பிசின் அதிகம் சுருங்கும், இழை கொஞ்சம்தான்.
நேரம் கொடுத்தால் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும்.
நெருப்பில் பிரியாதது
ஃபேன் காற்றில் பிரிந்தது.

"உனக்கு ரயில்தான் பெரிசு" என்றேன்.
துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு போனாள்.
இரண்டு நாள் பேசவில்லை.
மாதிரிகளின் மேல் எண் மட்டும் எழுதி வைத்தாள்,
என் பேனாவால்.

வேலூர் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.
கீழே மணல், சீமைக் கருவேலம்,
ஒரு டிராக்டர் தடம்.
ஆறு என்பது எங்கள் ஊரில்
பெயர்ச்சொல்லாக இருந்து வெகுநாளாயிற்று.
எண்ணாக இருக்கிறது.
ஏவலாகவும் இருக்கிறது.

வியாழக்கிழமை மூன்றாவது தகடு.
வீட்டுக்குப் போன் செய்து
உருதுவில் என்னவோ சொல்லிவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறக்கம்.
"அறை வெப்பம்னா எது? ராத்திரியிலயே முப்பத்தாறு."
யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.
நான்தான் இருந்தேன்.

இருநூற்றுப் பத்து.
ஆறு மணி ரயில் கூவிக்கொண்டு போனது.
நூற்றறுபத்தெட்டு.
கதவை இருவரும் தொடவில்லை.
நூற்றுப் பதினொன்று காட்டும்போது
ஃப்ளாஸ்க்கைத் திறந்து
டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"சூடா இருக்கு."

"ஆறட்டும்" என்றேன்.