ஒன்பது இணைகள், நடுவில் இரண்டு

உலான்பாத்தரில் டிசம்பரில் எல்லோரும் இருமுகிறார்கள்.
மலைச்சரிவுக் கூடாரங்கள் நிலக்கரி தின்று
விடிவதற்குள் ஊரைப் புகையால் மூடிவிடும்.
டிராலி பஸ்ஸில் இருமல், ரொட்டிக் கடையில் இருமல்.
பிறந்ததிலிருந்து நான் இருமுவதை
யாரும் நோயென்று எண்ணவில்லை.

என் இதயம் வலப்பக்கம் என்பது மட்டும்
வீட்டில் பழைய வேடிக்கை.
பள்ளியில் நாட்டுப்பண்ணுக்கு நெஞ்சில் கைவைக்கச் சொன்னால்
எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று
அண்ணன் அமர்சனா பின்னாலிருந்து கிள்ளுவான்.
அவனுடையது ஒழுங்காக இடப்பக்கம்.
இருமல்தான் இருவருக்கும் பொது.

மூன்றாம் ஆண்டு. திசுவியல் கூடம்.
ஜன்னலின் உட்புறமும் உறைந்திருக்கிறது.
கண்ணாடித் தகட்டில் யாரோ ஒருத்தியின் கருக்குழாய்,
இளஞ்சிவப்புச் சாயத்தில், மடிப்புக்குள் மடிப்பாக.
நோட்டில் எழுதினேன்:
கருமுட்டைக்குக் காலில்லை, வாலில்லை.
லூட்டினைசிங் ஹார்மோன் பொங்கிச் சூலகச் சுவரை உடைத்ததும்
விரல்போன்ற நுனிகள் அதை ஏந்திக்கொள்ளும்.
பிறகு குறுயிழைகள்,
ஈஸ்ட்ரோஜன் குடித்து உயர்ந்தவை,
காற்றில் சாயும் புல்போல
என்று எழுதி, அடித்தேன்.
புல்லைக் காற்று அசைக்கிறது.
இவை தாமே அசைபவை.

அடுத்து திரையில் ஓர் இழையின் குறுக்குவெட்டு.
சுற்றிலும் ஒன்பது இணைகள், நடுவில் இரண்டு.
ஒவ்வோர் இணையிலிருந்தும் நீளும் சின்னஞ்சிறு கைகள்:
டைனின்.
அருகே இன்னொரு படம்.
அதே ஒன்பது, அதே இரண்டு.
கைகள் இல்லை.

மூச்சுக்குழலில் சளியை மேலேற்றுவதும்
விந்தணுவுக்கு வாலாவதும்
கருக்குழாயில் முட்டையை நகர்த்துவதும்
ஒரே கட்டமைப்புதான், என்றார் விரிவுரையாளர்.
கருவின் மூன்றாம் வாரத்தில்
ஒரு சிறு பள்ளத்தில் சுழன்று
இதயத்துக்கு இடம் சொல்வதும் இவற்றின் உறவினமே.
அவை சுழலாவிட்டால்?
பாதிக்குப் பாதி, என்றார்.
ஆட்டின் கணுவெலும்பை உருட்டுவதுபோல்,
குதிரை விழுந்தால் இடம், ஒட்டகம் விழுந்தால் வலம்.

நான் இருமினேன்.
கூடமே திரும்பிப் பார்த்ததாகத் தோன்றியது.
யாரும் பார்க்கவில்லை. டிசம்பர்.

என்னைப் பற்றித்தான் முதலில் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
குழாயின் தசையும் கொஞ்சம் தள்ளும்,
சிலருக்குப் பிள்ளை உண்டு,
வழியிலேயே தங்கிவிடும் கருவுக்கு அஞ்சவேண்டும்
என்றது பாடநூலின் பொடி எழுத்து.
அப்புறம்தான் அண்ணி.

செரென்துலாம். ஆறு வருடம்.
தொப்புளைச் சுற்றி ஊசித் தழும்பு,
மாதம் ஐந்து நாள் மாத்திரை,
குழாயில் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே.
அம்மா ஒரு சொல்லும் சொன்னதில்லை;
உப்புத் தேநீரை அவளிடம் நீட்டும்போது
கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொள்வாள்.
எல்லா அறிக்கையும் சரி.
எல்லா அறிக்கையும் அவளுடையது.
அண்ணன் கையில் யாரும் ஒரு சிறு புட்டியைக் கொடுத்துப்
பக்கத்து அறைக்கு அனுப்பவில்லை.
கோபியில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன்;
இருமலுக்குக் காரணம் கைவசம் இருந்தது.
இதயமும் இடப்பக்கம்,
எனக்குமே தோன்றவில்லை.
அவனுக்குக் குதிரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
விழுந்திருக்கலாம். சோதிக்காமல் எதுவும் நிச்சயமில்லை.

படிக்கட்டில் நின்று எண்ணை அழுத்தினேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
இந்தக் குளிரில் கைபேசி சொல்லாமல் சாகும்.
"நொமுன்தாரியா? வகுப்பு இல்லையா?"
"அண்ணி, இன்றைக்கு ஊசி போட்டாச்சா?"
"இப்போதுதான் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்திருக்கிறேன், சூடாகட்டும் என்று."
"திரும்ப உள்ளே வையுங்கள்."
"ஏன்?"
ஒன்பது, இரண்டு, இல்லாத கைகள்,
எதிலிருந்து தொடங்குவது.
"அண்ணன் இப்போதும் இருமுகிறானா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, குளிர்பெட்டியின் கதவு.

"அவன் என்றைக்கு இருமாமல் இருந்தான்?" என்றாள்.