அரை நூல் தூக்கல்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு நடுவே
வெள்ளையாய் ஒரு பாய்ப்படகு வந்து கட்டினால்
முதல் கேள்வி இதுதான்:
"மீனை எங்க போடுவீங்க?"

மீன் பிடிப்பதில்லை என்றேன்.
"அப்போ இன்னாத்துக்குக் கடலுக்குப் போறீங்க?"
புனேவில் இருக்கும் முதலாளிக்காக
போர்ட் பிளேரிலிருந்து கொச்சிக்குப்
படகைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்றேன்.
"லாரி டிரைவர் மாரி" என்றார் தேசப்பன்.
ஆமாம், அப்படித்தான்.
சம்பளமும் ஏறக்குறைய.

நாங்கள் இரண்டு பேர். கேப்டன் நான்.
ஆனால் எல்லோரும் தோப்போவிடமே பேசினார்கள்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
தண்ணி, சாப்பாடு, அக்கா.
மூன்றாவதைச் சொல்லி என் பக்கம் கை காட்டுவான்.

கடலில் ஆறாம் நாள்
சுக்கான் தண்டின் மேல் புஷ் தேய்ந்து
படகு இரவெல்லாம் பல்லைக் கடித்தது.
அதே இரவில்தான் பெரிய பாயும் கிழிந்தது.
அதை முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கே பல்கடி நின்றும் தூக்கம் வரவில்லை.
ஐஸ் உடைக்கும் சத்தம்,
இரண்டு மணிக்கே ஏலக் குரல்,
பக்கத்து லாஞ்சின் புகை நேராய் என் தலையணைக்கு.
காயப்போட்ட சட்டையில் செதில்.
துறைமுகத்துக்குள் படகின் கழிப்பறையைத் திறக்கக்கூடாது.
ஏலக்கூடத்தில் இருப்பதற்குப் பூட்டு,
சாவி செல்வமேரியின் இடுப்பில்.
அவள் வஞ்சிரம் விற்று முடித்தால்தான்
ஒரு கேப்டன் காலைக்கடன் முடிக்கலாம்.

நாகூரான் தோட்டத்தில் லேத் பட்டறை.
ஜிலானி பழைய புஷ்ஷை
நாணயம் போலச் சுண்டிக் காதில் வாங்கினார்.
"நாற்பது மில்லி" என்றேன்.
"மில்லில சொல்லாதம்மா, நூல்ல சொல்லு."
தெரியாது என்றேன். அவரே அளந்தார்.
"ஒன்றரை இஞ்ச், அரை நூல் தூக்கல்."
எந்த லாஞ்சை உடைத்தபோது கிடைத்ததோ,
கறுத்துக் கிடந்த கன்மெட்டல் துண்டு
லேத்தில் ஏறியதும் மஞ்சளாய்ச் சுருள் சுருளாய் உதிர்ந்தது.
ஒரு சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

பாயைக் கரையில் விரித்தேன்.
வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்
பேச்சை நிறுத்திவிட்டு என் தையலைப் பார்த்தார்கள்.
பன்னிரண்டு வருஷத்தில்
இப்படியொரு பரீட்சை நான் எழுதியதில்லை.
பாதியில் என் நூல் தீர்ந்தது.
தேசப்பன் தன் கண்டை உருட்டிவிட்டார். பச்சை.
வெள்ளைப் பாயில் எட்டடிக்குப் பச்சைத் தழும்பு.
"எங்க வலைல ஓட்டை இருக்கணும்,
உன் பாய்ல இருக்கக்கூடாது. நூலு ஒண்ணுதான்"
என்று சிரித்துவிட்டு
நூற்றிருபது ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.

முதலாளி பில் கேட்டார்.
ஜிலானியிடம் பில் புத்தகம் இல்லை.
யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ,
அதன் பின்பக்கம் எழுதித் தந்தார்:
புஷ் 1, கூலி, டீ 4.
"டீ எதுக்கு?" என்று புனேவிலிருந்து செய்தி.
பதில் போடவில்லை.

செவ்வாய் விடியலில்
வாடைக் காற்றும் தெற்கே இழுக்கும் வன்னி நீரோட்டமும்
ஒன்றாகக் கிடைத்தன.
மரைன் போலீஸ்காரர் கடைசியாய் ஒருமுறை
தோப்போவிடம் கையெழுத்துக் கேட்டார்.

வியாழன் மாலை.
திருகோணமலைக்குக் கிழக்கே நாற்பது மைல்.
செல்வமேரி கட்டிக் கொடுத்த காரப்பொடி
முதலாளியின் பீர் பெட்டியில் ஐஸோடு கிடக்கிறது;
தோப்போ எண்ணெய் காய வைக்கிறான்.
பில்லைத் திருப்பிப் பார்த்தேன்.
லாக் புத்தகத்தில் எழுதினேன்:

காற்று நான்கு. அலை மிதம்.
சுக்கானில் சத்தமில்லை.
பச்சைத் தையல் தாங்குகிறது.
ஆறு மணி, ராயபுரத்தில்
பிளாரன்ஸ் மேரிக்கும் இன்பராஜுக்கும் கல்யாணம்.