ராமபாணம் அல்ல

மூன்றாம் எண் புயல் எச்சரிக்கையை இறக்கிய மறுநாள்
ரெதுய் பல்கலைக்கழக நூலகத்தில்
காற்றுக்கே பூஞ்சை பிடித்திருந்தது.
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
பூச்சியியல் கையேடு, இரண்டாம் தொகுதி,
ஊறிய ரொட்டியாக உப்பி
அலமாரியை விட்டு வர மறுத்தது.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள் மதாம் ஜினெத்.
"பா கபாவ் சோர்த்தி."
வெளியே போகாது.
தெரியும், மதாம்.
முதுகில் அந்தச் சிவப்பு வட்டத்தை
நான்கு வருடமாகப் பார்க்கிறேன்.
தீவில் இது ஒன்றுதான் என்கிறார்கள்.
இன்னொன்று வாங்க என் ஐந்து மாத உதவித்தொகை ஆகும்,
கப்பலில் வந்துசேர அதற்குமேல் ஆகும்.

திறந்தேன்.
212ஆம் பக்கத்தில் ஒரு துளை,
குண்டூசித் தலையளவு.
புரட்டினேன், அடுத்த தாளிலும்.
அதற்கடுத்ததிலும்.
வண்டுகளின் வாயுறுப்பைத் துளைத்து,
ஒரு படத்தின் நடுவயிற்றைத் துளைத்து,
அடிக்குறிப்பையும் விடாமல்
பதினெட்டுத் தாள்.

அப்போது தையல் மடிப்பிலிருந்து ஓடியது
வெள்ளிப்பொடி பூசிய உடம்பு,
பின்னால் மூன்று இழை.
குப்பிக்குள் தட்டினேன்.
ராமபாணமே!
ஏழு மராமரம் துளைத்துப் போன அம்பின் பெயரை
அரிசி நீளம் உள்ள உனக்குச் சூட்டியது என் மொழி.
கையும் களவுமாக மாட்டினாய்.

"முதலில் திறவுகோலைப் பார்" என்றான் தயாளென்.
பக்கத்து மேசையில்
பழவௌவால் எச்சத்து விதைகளை எண்ணிக்கொண்டிருந்தவன்,
தலை நிமிரவில்லை.
"வேறு எதற்கு அந்தப் புத்தகம்?"

பார்த்தேன்.
*1. சேதம் மேலோட்டமாக, ஓரம் ஒழுங்கற்று . . . 2*
*1. சேதம் வட்டத் துளை, தாள்களை ஊடுருவி . . . 5*
ஐந்துக்குப் போனேன்.
*5. துளையில் மாவுத் தூசி; புழு வெளுப்பு, வளைந்தது;*
*கால்கள்*

அங்கே துளை.
எண்ணைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

வெள்ளைத்தாள் விரித்து
புத்தகத்தைக் கவிழ்த்து மெல்லத் தட்டினேன்.
தூசி விழுந்தது,
ஒரு காற்புள்ளியும் விழுந்தது.
காற்புள்ளி நகர்ந்தது.

நுண்ணோக்கியின் கீழே கால்களை எண்ணினேன்:
ஆறு.
இரண்டாம் முறை எண்ணினேன்: ஆறுதான்.
புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது இங்கே சட்டம்.
மதாம் தொலைபேசியை எடுக்கத் திரும்பிய நேரம்
துளையை ஒட்டிப் பென்சிலால் எழுதினேன்,
ஆறு.
நாளை வருகிறவன்
என்னை நம்பட்டும், இல்லாவிட்டால் தானே எண்ணட்டும்.

ஆக, வண்டின் புழு.
குப்பிக்குள் இருந்ததிடம்
மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் திரும்பினேன்.
ஆனால் புத்தகத்தின் முதுகைப் பார்த்தபோது
சிவப்பு வட்டம் பாதி உரிந்து தொங்கியது,
கீழே பசை வழித்துச் சுத்தம்.
துளைக்கத் தெரியாதவன் நீ,
நக்கத் தெரிந்தவன்.
தடையை மட்டும் தின்றிருக்கிறாய்.
ஜன்னல் விளிம்பில் உன்னைக் கொட்டினேன்.
எங்கேயோ ஓர் அலமாரி உனக்கும் இருக்கும்.

உறைபெட்டி, பூஜ்யத்துக்குக் கீழ் இருபது, இரண்டு வாரம்:
புழு சாக வேறு வழியில்லை என்றேன்.
உறைபெட்டி இருப்பது எங்கள் ஆய்வகத்தில்,
புல்வெளிக்கு அந்தப்பக்கம்.
மதாம் ஜினெத் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு மூன்று படிவங்களில்
மூன்று இடத்தில் கையெழுத்திட்டாள்.

பாலித்தீனில் சுற்றி
இரு கையாலும் நெஞ்சோடு அணைத்து நடந்தேன்.
தூறல்.
விழுந்த கிளைகளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அது
வெளியே வந்திருந்தது.

உறைபெட்டிக்குள் வைத்தால் சீட்டு ஒட்டியே ஆகவேண்டும்.
வௌவால் எச்சத்துக்கும் மீன் செவுளுக்கும் நடுவே வைத்து
வழக்கம்போல் எழுதினேன்:
சேகரித்த நாள். சேகரித்தவர்.
மாதிரி: ஒன்று, உயிருடன்.
வாழிடம்: பக்கம் 212 முதல் 247 வரை.