நீறு பூத்த

கோத்தகிரிப் பூங்கா மரங்களுக்குத் தமிழ்ப் பலகை.
ஒரு சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.
பதினேழாவது தாளில் நின்றுவிட்டேன்:
இளம் இலைகள் கிளாக்கஸ்.

சாம்பல் என்று எழுதி அடித்தேன்.
நீலம் என்று எழுதினேன், அதுவும் பொய்.
வெளிர் என்பது
எதையும் சொல்லாமல் கூலி வாங்கும் சொல்.

நாற்றங்காலில் லிங்கி
கற்பூர மரக்கன்றின் இலையொன்றைப் பிடித்து
கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்தாள்.
விரலில் மாவு, இலையில் பச்சை.
"தூசி இல்ல மேடம், அதுவா பூக்கறது.
தொட்டுட்டா அந்த எடத்துல திரும்ப வராது."

அதே வாரம் குன்னூரில் கண் பரிசோதனை.
டாக்டர் செலின் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி
இரண்டு கண்ணிலும் காற்றை ஊதினார்.
பிறகு கிண்ணம்போல் ஒரு வெள்ளை.
உள்ளே புள்ளி மின்னும்போதெல்லாம்
பொத்தானை அழுத்த வேண்டும்.
எல்லாவற்றுக்கும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன்.
வரைபடத்தில் மூக்கோரம்
வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு கறுப்பு.

கிளாக்கோமா.
தினம் இரவு ஒன்பதுக்குச் சொட்டு மருந்து.
போனது வராது,
இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

பஸ் ஏறி டிக்கெட்டும் வாங்கிய பிறகுதான்
காதில் இரண்டும் மோதிக்கொண்டன.
கிளாக்கஸ். கிளாக்கோமா.
கட்டபெட்டு வளைவில் சிக்னல் போய்,
தேயிலை ஆபீஸ் தாண்டி வந்தது.
போனில் அகராதி திறந்தது:
இரண்டும் ஒரே வீட்டுப் பெண்கள்.
கிளாக்கோஸ் என்று கிரேக்கர் முதலில் சொன்னது
நிறத்தை அல்லவாம்,
கடல் மினுங்குவதை.
பிறகுதான் வெளிறிய நீலம்,
பிறகு இலைமேல் மாவு,
ஒளி மங்கிய விழி.
மினுக்கத்தில் கிளம்பிய சொல்
எந்த ஸ்டாப்பில் வந்து இறங்கியிருக்கிறது!

பக்கத்து சீட்டுக்காரர் கேரட் மூட்டைமேல் தூங்கினார்.
யாரிடம் சொல்ல?

ஒன்பது மணி.
முதல் சொட்டு கன்னத்தில்.
இரண்டாவது சரியாக விழுந்தது.
ஐந்து நிமிடம் மூடியிருக்கச் சொன்ன இருட்டில்
தமிழ் தானாக வந்தது:
கங்கின்மேல் நீறு பூக்கும்.
காத்திருந்தால் கண் பூத்துப்போகும்.
கடலைக் கேட்காமலே
இங்கும் ஒரே வினை.

பதினேழாவது பலகை:
இளம் இலைகள் நீறு பூத்தவை.
நான்கு சொல், ஐந்து ரூபாய்.
கணக்கில் சேர்க்காமல் கீழே பென்சிலால்
தொடாதீர்கள் என்று எழுதி வைத்தேன்.

ஒப்பந்தக்காரர் போஜன்
அதையும் எண்ணி
ஆறேகால் போட்டுக் கொடுத்தார்.